அக்காவின் நாலடிச் சந்து

எங்கள் வீட்டு வாசல் முருங்கை மரத்தின் ஒரு கிளை அக்காவின் சந்துக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. காய்த்தால் முக்கால்வாசி அந்தப் பக்கம்தான் காய்க்கும். கையை நீட்டினால் பறித்துவிடலாம். வேறு யாராக இருந்தாலும் பறித்துக் குழம்பு வைத்து, அதில் ஒரு கிண்ணத்தை நமக்கே கொடுத்து நல்ல பெயரும் வாங்கியிருப்பார்கள். அக்கா தெருவைச் சுற்றிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்து நின்று கூப்பிடுவார்.

"நைனா, எம்பக்கம் ரெண்டு காய் தொங்குது. பறிச்சிக்கட்டா?"

"அக்கா, உங்க பக்கம் தொங்கினா அது உங்களுதுதான். இதுக்குப் போயி சுத்திக்கினு வருவீங்களா?"

"தொங்கினா எனுதாய்டுமா? உன் பேன்ட்டு காத்துல பறந்து என் கொடியில வுழுந்தா நான் மாட்டிக்கினு பூடலாமா? குடுப்பியா, மாட்டியா, அத சொல்லு."

"பறிச்சிக்கங்கக்கா."

"ஆங். இத சொல்றதுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ பேச்சு?"

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. பக்கத்து வீடு. தெருவே அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டது, அவரைவிட மூத்தவர்கள்கூட. மணலியில் ஒரு கம்பெனி கேன்டீனில் சமையல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்காரர், நாங்கள் திருவொற்றியூருக்குக் குடி வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளை இல்லை. மணலி புதுநகரில் ஒரு தம்பி இருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் மீன் வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். அவரும் தகரக் கேட்டுக்கு வெளியே நின்று "வர்ட்டாக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவார். கூடப் பிறந்த தம்பிக்கே அந்தக் கதி.

ஷேர் ஆட்டோவில் காலியாகக் கிடக்கும் சீட்டில் உட்கார, பக்கத்தில் இருக்கிறவரிடம் "குந்தட்டாம்மா?" என்பார். கடையில் தொங்கும் பேப்பரைப் புரட்டக் கடைக்காரரிடம் கேட்பார். எங்கள் தெருவில் கேலிக்குக் குறைவே இல்லை. "அக்கா தும்மறதுக்கே பர்மிஷன் கேக்கும்டா" என்பார்கள். அவர் காதில் விழுந்தால் சிரித்துக்கொள்வார். கோபமெல்லாம் கிடையாது. கேட்டதை இல்லை என்று சொல்லியும் நான் பார்த்ததில்லை. ஏணி, கடப்பாரை, கல்யாணத்துக்கு அண்டா, சந்தில் சைக்கிள் நிறுத்த இடம், எது கேட்டாலும் "எத்துக்கினு போ" என்பார். கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதை கேபிள்காரர் ஒருமுறை பார்த்தார். அக்காவின் மொட்டை மாடிக் கம்பியில் ஒயரைக் கட்டி அடுத்த தெருவுக்கு இழுத்துக்கொண்டு போயிருந்தார். அக்கா சத்தம் போடவில்லை. மாடிக்கு ஏறி, ஒயரை அறுக்காமல், பொறுமையாக முடிச்சை அவிழ்த்து, வளையமாகச் சுற்றி, கேபிள்காரரின் வீட்டுக்கே எடுத்துப்போய்க் கையில் கொடுத்தார். அன்றைக்கு ஒரு தெருவுக்கே சீரியல் இல்லை. அந்த ஆள் பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

"இன்னாக்கா இது, ஒரு ஒயருதானே? உங்க மாடிய தூக்கிக்கினா போய்ட்டேன்?"

"ஒயருதான். கேட்டியா?"

"இப்ப கேக்கறேன். கட்டிக்கட்டா?"

"கட்டிக்க."

கட்டுகிறவரைக்கும் ஏணியை அக்காவே பிடித்துக்கொண்டு நின்றார். போகும்போது டீ கொடுத்து அனுப்பினார். தெருவே இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. நானும்தான்.

இன்னொரு தடவை நடந்ததுக்குச் சிரிப்பு வரவில்லை. எதிர்வீட்டம்மாவின் சின்னப் பெண் கையில் கொதிக்கிற எண்ணெய் கொட்டிவிட்டது. அவர்கள் வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை. லாரி வராத நாள். அந்தம்மா ஓடிவந்து அக்காவின் டிரம்மிலிருந்து ஒரு குடம் மொண்டுகொண்டு ஓடினார். அக்கா சந்தில் துணி துவைத்துக்கொண்டு இருந்தார். எழுந்து, மருந்துக்கடைக்குப் போய்த் தீக்காயத்துக்குக் களிம்பு வாங்கிவந்து அந்தப் பெண்ணுக்குப் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு அந்தம்மாவிடம் ஒரு வருஷம் பேசவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. எனக்கு மூக்கு மேல் கோபம் வரும், நியாயம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். நேராகப் போய்க் கேட்டேன்.

"இது உங்களுக்கே நியாயமா படுதாக்கா? கொழந்தைக்கு கை வெந்து போச்சு. அந்த அவசரத்துல வந்து மனு குடுக்கணுமா?"

"அவசரம்னா வாய் எங்க பூடுச்சு? எத்துக்கினே கேக்கலாமே. 'எடுக்கறேன்க்கா'ன்னு ஒரு சவுண்டு வுட்டா போதும். நான் அங்கயேதான குந்திக்கினு இருந்தேன்? ஆளு இருக்கறதே தெரியாத மாரி போறா."

கையிலிருந்த துணியைப் பிழிந்து கொடியில் போட்டார். பிறகு அவரே சொன்னார். எண்ணூருக்கு அப்பால் அவர்கள் ஊர். அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம், அதில் ஒரு ஓலை வீடு, பூசணிக் கொடி. ஒருநாள் விடிந்து பார்த்தால் பூசணிக் கொடி மேலேயே ஒரு கல் நட்டிருந்தது. ஏதோ ஒரு குழாய் அந்த வழியாகப் போகப்போகிறதாம்.

"துட்டெல்லாம் குடுத்தாங்க நைனா, பொய் சொல்லக் கூடாது. நல்லாவே குடுத்தாங்க. கேக்கல. எங்கப்பன் அந்தக் கல்லுகிட்ட குந்திக்கினு, 'ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே கல்லு நட்டு குடுத்திருப்பனே'ன்னு சொல்லிக்கினே கெடந்துச்சு. சாவற வரைக்கும் அதே பேச்சுதான்."

சொல்லிவிட்டு மிச்சத் துணியை அலசப் போய்விட்டார்.

எங்கள் பக்கத்து வீடுகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒரு அடிகூட விடாமல் எல்லை வரைக்கும் சுவரை ஏற்றிவிடுவோம். இருப்பதே அரை கிரவுண்டு, கால் கிரவுண்டு. இதில் எதை விடுவது? அதனால் பக்கச் சுவரை வெளியிலிருந்து பூச வேண்டுமானால் சாரம் கட்டப் பக்கத்து வீட்டுக்காரரின் இடத்தில்தான் கழி ஊன்ற வேண்டும். அவர் சரி என்றால் பூச்சு, இல்லை என்றால் செங்கல். திருவொற்றியூரில் எந்த மாடியில் நின்று பார்த்தாலும் மூன்று பக்கம் பெயின்ட் அடித்து ஒரு பக்கம் வெறும் செங்கலாக நிற்கிற வீடு ஒன்று தெரியும். அந்தச் செங்கலுக்குப் பின்னால் ஒரு சண்டை இருக்கும்.

என் வீட்டில் அது வடக்குச் சுவர். அந்தப் பக்கம் இருப்பது அக்காவின் நாலடிச் சந்து. அவருடைய வீட்டு வாசல் தெருவைப் பார்த்து இல்லை, சந்துக்குள்தான் திறக்கும். தகரக் கேட்டைத் தள்ளி, சந்தில் இருபது அடி நடந்துதான் வீட்டுக்குள் போக முடியும். முழுக்க அவருடைய இடம்.

நான் மாடி எழுப்பியபோது எங்களுக்குள் நல்ல உறவுதான். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் பில் போடுகிற வேலை எனக்கு. கம்பி மட்டும் கொஞ்சம் சல்லிசாகக் கிடைத்தது, மற்றதெல்லாம் கடன். தளம் போட சந்தில் முட்டுக் கொடுக்க வேண்டும் என்று போய்க் கேட்டேன். "கேட்டுட்ட இல்ல? ஊனிக்க" என்று சொல்லி, டிரம், அடுப்பு, பூந்தொட்டி எல்லாவற்றையும் அவரே நகர்த்திக்கொடுத்தார். வேலை நடந்த பத்து நாளும் பக்கவாட்டில் உடம்பை ஒடுக்கிக்கொண்டு தன் வீட்டுக்குள் போய்வந்தார். முகம் சுளிக்கவில்லை.

அப்போதுதான் சன்ஷேடு வந்தது. வடக்கு ஜன்னலுக்கு மேலே மழைச்சாரல் அடிக்காமல் ஒன்றரை அடி நீட்ட வேண்டும் என்றார் மேஸ்திரி. வியாசர்பாடிக்காரர், வாய் கொஞ்சம் நீளம், வேலை சுத்தம்.

"சார், நீட்னா அந்தம்மா எடத்து மேல வருது. ஒரு வார்த்த கேட்டுக்கினு வந்துடு."

"தரையிலயா வருது? காத்துலதானே வருது? ஆகாசத்துக்கெல்லாம் பட்டா கீதா? நீட்டு மேஸ்திரி, பாத்துக்கலாம்."

இப்போது நினைத்தால் என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் போலிருக்கிறது. பத்தடி நடந்தால் அக்கா இருக்கிறார். கேட்டால் இல்லை என்று சொல்லாத மனுஷி. ஆனால் முட்டுக்கு ஒரு தடவை கேட்டாயிற்று, ஜல்லி இறக்க ஒரு தடவை கேட்டாயிற்று, சும்மா சும்மா போய் நிற்பதா என்று ஒரு வீம்பு. வீடு கட்டுகிறவனுக்கு அந்த ஆறு மாசம் தலை கொஞ்சம் கனத்துத்தான் போகிறது.

பலகை பிரித்த அன்றைக்குச் சாயங்காலம், அக்கா சந்தில் நின்று அண்ணாந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நான் மாடி ஜன்னலில் நின்று, அவர் கேட்கப்போகிற ஒவ்வொரு கேள்விக்கும் பதிலைத் தயார் செய்துகொண்டிருந்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு என்னிடம் எதையுமே கேட்கவில்லை. அந்த வருஷம் முருங்கை நன்றாகக் காய்த்தது. அவர் பக்கம் தொங்கிய காய்கள் முற்றி, காய்ந்து, வெடித்து, விதை சந்தில் உதிர்ந்தது. விதையைப் பெருக்கி, எங்கள் மதில் ஓரமாகக் குவித்து வைத்தார். என் மனைவி செல்வி காய் பறித்து எடுத்துக்கொண்டு போனால் வாங்கிக்கொள்வார், அவளிடம் பேசுவார், சிரிப்பார். நான் எதிரில் வந்தால் சுவரைப் பார்ப்பார்.

"இப்பக்கூட ஒண்ணும் கெட்டுப் போவல. போய் தப்புன்னு சொல்லிட்டு வா" என்பாள் செல்வி.

"இனிமே போய் இன்னான்னு கேக்கறது? காங்கிரீட்டு போட்டு காஞ்சே போச்சு. ஒடச்சிடட்டான்னு கேக்கவா?"

இப்படியே ஐந்து வருஷம் போனது. வடக்குச் சுவர் செங்கலாகவே நின்றது.

ஐப்பசி மழை வடகிழக்கிலிருந்து வரும். கடலிலிருந்து நேராக வந்து அந்தச் சுவரில்தான் அறையும். வெயில் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. முதல் வருஷம் உள்பக்கம் ஒரு திட்டு ஈரம். அடுத்த வருஷம் கட்டில் உயரத்துக்கு ஓதம். உள்ளேயிருந்து ஏதேதோ பெயின்ட் அடித்துப் பார்த்தேன். அப்பளம் போல உப்பி உதிர்ந்தது. பிறகு கறுப்பு பூஞ்சை வந்தது. எங்கள் மகள் கவிக்கு இளைப்பு வந்தது.

நாலு வயதில் ஆரம்பித்தது. ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் மூன்று தடவை நின்று மூச்சு வாங்குவாள். "அப்பா... எனக்கு... தண்ணி." மூக்கில் மாஸ்க்கை வைத்துப் புகையாக இழுக்கிற மருந்து; வீட்டிலேயே மெஷின் வாங்கி வைத்தோம். ஒன்றாம் வகுப்பில் பாதி நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. மணலிக் கம்பெனிப் புகை எல்லாப் பிள்ளைக்கும்தான் அடிக்கிறது, நம் பிள்ளைக்கு மட்டும் ஏன் என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

"தூங்கற ரூம்ல ஓதம் இருக்கா?" என்று கேட்டார் அவர்.

செல்வி என்னைப் பார்த்தாள்.

"மருந்து நான் குடுக்கறேன். அந்தச் சுவர நீங்க சரி பண்ணுங்க. இல்லன்னா ஒவ்வொரு மழைக்கும் இங்கதான் வருவீங்க. ஒரு மழைக்கு ஐசியூல கூட நிக்க வேண்டியிருக்கும்."

மேஸ்திரிக்கு போன் போட்டேன். வந்து பார்த்து, வெளிப்பூச்சுதான் ஒரே வழி என்றார். ஐப்பசி பிறப்பதற்குள் முடித்துவிட வேண்டும். கழி, பலகை எல்லாம் தயாராக இருக்கிறது. "ஆனா சார், இந்த தபா அந்தம்மாகிட்ட கேட்டாத்தான் நான் கழி ஊனுவேன். ஊனிட்டு அவுன்னு சொன்னா எனக்கு பேஜாரு."

மூன்று தடவை அந்தத் தகரக் கேட்டு வரைக்கும் போனேன். முதல் தடவை அக்கா வெளியே கோலம் போட்டுக்கொண்டிருந்தார். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு பேசுவது மாதிரி கடந்து போய்விட்டேன். இரண்டாம் தடவை கேட்டில் கை வைத்துவிட்டுத் திரும்பினேன். மூன்றாம் தடவை போனபோது கேட்டு கம்பியால் கட்டியிருந்தது. அக்காவுக்குக் கால் வீங்கி, மூச்சு விட முடியாமல், தம்பி வந்து பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்விட்டதாக எதிர்வீட்டம்மா சொன்னார்கள்.

சரி, ஆஸ்பத்திரியிலேயே போய்க் கேட்டுவிடுவோம் என்று கிளம்பினேன். பார்வையாளர் நேரம். ஆரஞ்சுப் பழம் ஒரு கிலோ வாங்கிக்கொண்டேன். தம்பி மருந்து வாங்கப் போயிருந்தார். அக்கா ஒருக்களித்துப் படுத்திருந்தார், முகத்தில் மாஸ்க். என் மகள் முகத்தில் வைக்கிற அதே மாதிரி மாஸ்க், கொஞ்சம் பெரியது. நான் கட்டில் பக்கத்தில் போய் நின்றேன். கண்ணைத் திறந்து பார்த்தார். இந்தத் தடவை சுவரைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தார். மெதுவாக மாஸ்க்கை விலக்கினார்.

"இன்னா?"

ஐந்து வருஷத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை. எனக்காக வழியைத் திறந்துவிட்டார். அது எனக்கு அந்த நிமிஷமே தெரிந்தது. கேட்க வேண்டியதுதான் பாக்கி. ஆனால் மூச்சுக்குத் தவிக்கிற ஒரு மனுஷியிடம், என் சுவரைப் பூச உங்கள் சந்தில் கழி ஊன்றட்டுமா என்று எப்படிக் கேட்பது? வாய் வரவில்லை. வெட்கமா, பயமா, பழைய வீம்புதானா, இன்றைக்கும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"ஒண்ணுமில்லக்கா. சும்மா பாத்துட்டுப் போலாம்னு."

அவர் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மாஸ்க்கை வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். பழத்தை ஸ்டூலில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். வெளியே வந்ததும் மேஸ்திரி போன் செய்தார்.

"சார், கேட்டியா?"

"கேட்டேன்."

"இன்னா சொல்லிச்சு?"

"செய்யச் சொல்லிச்சு."

"அப்ப நாளைக்கு கழி எறக்கிடறேன்."

செல்விக்கு மட்டும் உண்மையைச் சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். உள்ளே கவி இருமிக்கொண்டிருந்தாள். செல்வி அந்த இருமலைக் கேட்டாள், என்னைப் பார்த்தாள், எழுந்து போய்விட்டாள். வேண்டாம் என்று அவளும் சொல்லவில்லை.

கேட்டின் கம்பியை நான்தான் அவிழ்த்தேன். சவுக்குக் கழிகளைச் சந்தின் நீளத்துக்கும் இரண்டு வரிசையாக ஊன்றி, குறுக்கே கட்டி, பலகை போட்டார்கள். நாலடிச் சந்தில் அதற்குப் பிறகு பூனை போகத்தான் இடம். இரண்டு நாளில் மேல்பாதி பூசியாகிவிட்டது. பூச்சு ஈரமாக, சாம்பல் நிறத்தில், பார்க்கவே குளிர்ச்சியாக இருந்தது. இன்னும் இரண்டு நாள், அக்கா திரும்பி வருவதற்குள் அவிழ்த்து, கழுவி, சந்தை இருந்த மாதிரி வைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

அக்கா மூன்றாம் நாள் காலையிலேயே திரும்பி வந்துவிட்டார், அமரர் ஊர்தியில்.

வண்டி தெருவில் நின்றது. தம்பி இறங்கினார். கூட நாலைந்து சொந்தக்காரர்கள். ஐஸ் பெட்டி வேறு ஒரு டெம்போவில் வந்து நின்றது. கேட்டைத் தள்ளியவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். உள்ளே கழிக்காடு. பெட்டியும் போகாது, நாலு பேர் தூக்கிக்கொண்டும் போக முடியாது. மேஸ்திரி அந்நேரத்துக்கு வந்திருக்கவில்லை. நான் என் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். தம்பி என்னிடம் வந்தார். சட்டையைப் பிடித்து நாலு அறை விடுவார் என்று நினைத்தேன். விட்டிருக்கலாம். அவர் கை கூப்பினார்.

"தம்பி, அக்காவ உள்ள இட்டுனு போவணும். சாரத்த கொஞ்சம் அவுத்துக்கட்டா?"

தன் அக்காவை அவருடைய வீட்டுக்குள் கொண்டுபோக, அந்த மனுஷன் என்னிடம் அனுமதி கேட்டார். நான் சந்துக்குள் ஓடி, கத்தியை எடுத்து, கயிற்றை அறுக்க ஆரம்பித்தேன். சொந்தக்காரர்களும் வந்தார்கள். செல்வி பலகைகளை இழுத்துத் தெருவில் போட்டாள். மேலே இருந்து ஈரப் பூச்சுத் துணுக்குகள் எங்கள் தலையில் விழுந்துகொண்டிருந்தன. எல்லாக் கழியையும் எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் அக்கா தன் வாசலில், வண்டிக்குள், காத்திருந்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் எல்லாம் முடிந்து சுடுகாட்டிலிருந்து வந்த பிறகு, தம்பி சந்தில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். என்னைக் கூப்பிட்டார்.

"குந்து தம்பி. பக்கத்து பெட்டுக்காரம்மா சொன்னாங்க, நீங்க வந்து பாத்தீங்களாமே."

"ஆமா."

"அக்காவ கேட்டுத்தான் சாரம் கட்டியிருப்பீங்க. கேக்காம அது வுடாது."

இங்கேயாவது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்து ஒரு சத்தம் விட்டிருந்தால் போதும்.

"ஆமா, கேட்டேன்" என்றேன்.

"எங்ககிட்ட ஒரு வார்த்த பேசல தம்பி. மாஸ்க்க எடுத்தாலே மூச்சு முட்டுது. கடசியா பேசினது உங்ககிட்டதான். இன்னா சொல்லிச்சு?"

அவர் முகத்தைப் பார்த்தேன். அழுது வீங்கிய முகம். அதற்கு "இன்னா" என்ற ஒரு வார்த்தையையா கொடுப்பது? கொடுத்திருக்க வேண்டும். அதுதான் அவருடைய அக்கா பேசியது.

"'கட்டிக்க நைனா, கொழந்த நல்லாருக்கட்டும்'னு சொன்னாங்க."

நைனா என்பதையும் நானே சேர்த்துக்கொண்டேன். ஐந்து வருஷமாக அவர் என்னைக் கூப்பிடாத வார்த்தை. தம்பி துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினார். "அதான் எங்கக்கா. மூச்சு போற நேரத்துலயும் அடுத்தவன் கொழந்தைய பத்தி..." என்று சொல்லிச் சொல்லி அழுதார். நான் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தேன். அந்தக் கையை என்ன செய்வது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் அவரே வந்து, "மீதி செவுத்தயும் பூசிக்கங்க. அக்கா குடுத்த வார்த்தைய நாங்க மாத்த மாட்டோம்" என்றார். மேஸ்திரி மறுபடியும் கழி ஊன்றினார். மழைக்கு முன்னால் வேலை முடிந்தது. வெள்ளையும் அடித்தாயிற்று. செல்வியிடம் ஒருநாள், கேட்டிருந்தால் அக்கா என்ன சொல்லியிருப்பார் என்று கேட்டேன். "நீ சொன்னதத்தான் சொல்லியிருக்கும். அதுக்குத்தான் எனக்கு வயிறு எரியுது" என்றாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு முதல் நாள், தம்பி ஒரு சுருட்டிய பேனரோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். செருப்பைக் கழற்றியிருந்தார்.

"தம்பி, அஞ்சலி பேனரு. எங்க செவுத்துல எடம் இல்ல. உங்க புது செவுத்துல கட்டிக்கட்டா?"

"கட்டிக்கங்க" என்றேன். வேறு என்ன சொல்வது?

கட்டி முடித்த பிறகுதான் பார்த்தேன். கேன்டீன் காலத்துப் போட்டோவைப் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். கண்ணீர் அஞ்சலி. கீழே, 'எங்கள் அக்காவின் கடைசி வார்த்தை' என்று போட்டு, மேற்கோள் குறிக்குள் நான் சொன்னது, ஒரு எழுத்து மாறாமல். தெருக்காரர்கள் வந்து நின்று படித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள். எதிர்வீட்டம்மா அதைத் தொட்டுக் கும்பிட்டார்.

கவி பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். அந்த வாரம் முழுக்க மழை. அந்த வாரம் முழுக்க அவள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கிற வயது, கண்ணில் பட்ட எல்லாவற்றையும் சத்தமாகப் படிப்பாள். பேனருக்கு முன்னால் புத்தகப் பையோடு நின்று, எங்கேயும் நிற்காமல், ஒரே மூச்சில் படித்தாள்.

"கட்டிக்க நைனா, கொழந்த நல்லாருக்கட்டும்."

திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அப்பா, கொழந்தன்னா நானா?"

"ஆமாம்மா" என்றேன்.